பக்கத்து வீட்டை இடித்த மாதங்கள்

காலையில் இட்லிச் சட்டியின் மூடியை எடுக்கப் போனபோது அதன் மேல் மாவு சிந்தியது மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தேன். நறநறவென்றது. சுண்ணாம்பும் மணலும். அண்ணாந்து பார்த்தேன். அடுப்படிச் சுவரின் உச்சியில், கூரை மரம் சுவரில் போய் உட்காருகிற இடத்தில், பூச்சு பெயர்ந்து உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் தெரிந்தது.

பக்கத்து வீட்டை உடைக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

நாங்கள் இருந்தது மலாக்காவின் பழைய நகரத்தில், வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கடைவீடுகளில் ஒன்று. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் மழையும் வெயிலும் நேராக இறங்குகிற திறந்த முற்றம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். எங்கள் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் கேட்கும். அங்கே குடியிருந்த சீனக் குடும்பம் காலிசெய்து போன பிறகு யாரோ அதை வாங்கி, தங்கும் விடுதியாக்கப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் இது புதிதில்லை. பிள்ளையார் கோயிலும் மசூதியும் சீனர் கோயிலும் ஒரே தெருவில் இருப்பதைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்தும் சனங்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும்.

வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். மகள் கல்யாணமாகி, நகருக்கு வெளியே குருபோங்கில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் மாமனார் மாமியாரோடு இருந்தாள். நான் பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவர் இந்த வீட்டிலேயே பிறந்தவர். லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியில் இடது கால் விரல்களை எடுத்த பிறகு வண்டியை விட்டுவிட்டார். தடி ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். வாசல் தாண்டினால் கால் வலிக்கிறது என்று சொல்லித் திரும்பிவிடுவார்.

நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நம்மவர்கள் கடைகள் இருக்கிற தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். சேலைக்கு ஓரம் அடிப்பது, ரவிக்கை அளவெடுப்பது. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போனால் மத்தியானம் திரும்பிவிடுவேன். அந்த நடை எனக்குப் பிடித்த நடை. பூக்கடையில் நின்று ஒரு முழம் வாங்குவேன். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பேன். பொம்மைகளும் பிளாஸ்டிக் பூவும் ஒட்டிய மூன்று சக்கரத் திரிஷா வண்டிகள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும். ஓட்டுகிற மலாய்க்காரப் பெரியவர்களில் சிலர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நெரிந்து சொந்த வாசலுக்கே இடித்துக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும். யாராவது ஒரு பெண் எங்கள் பழைய கதவில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் நகரும்மா, உள்ளே போகணும் என்று சொன்னால், இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்களா என்பதுபோல் பார்ப்பாள்.

இட்லிச் சட்டி மூடியில் அந்த மண் விழுந்த நாளிலிருந்து அந்த நடை மாறிப்போனது.

போகும்போது வேகமாகப் போனேன். வரும்போது அதைவிட வேகமாக வந்தேன். தெருமுனையில் திரும்பியதும் முதலில் தலையைத் தூக்கிக் கூரை ஓடுகளைப் பார்ப்பேன். வரிசை நேராக இருக்கிறதா, எங்கள் ஓடுகள் இருக்கின்றனவா. இருந்தால்தான் மூச்சு இறங்கும். உள்ளே நுழைந்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். கையில் இருக்கிற பையை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சாப்பாடு எடுத்து வைப்பேன்.

பகலெல்லாம் இடி. முதலில் சம்மட்டிச் சத்தம். பிறகு ஏதோ மெஷின் கொண்டுவந்தார்கள். அது ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சாமி படங்கள் கோணிக்கொள்ளும். நேராக்கி வைப்பேன், மறுநாள் கோணியிருக்கும். ஒரு நாள் படுக்கையறைச் சுவரில், அவர் தலைமாட்டுக்கு மேலே, முடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. அடுத்த வாரம் அதில் என் நகம் நுழைந்தது. அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் முன்னறையில் இருந்த முருகன் காலண்டரை எடுத்துவந்து அந்த இடத்தில் மாட்டினேன். ஏன் இங்கே மாற்றினாய் என்று கேட்டார். படுத்து எழுந்ததும் சாமி முகம் பார்க்கட்டும் என்றேன். நல்லது என்றார்.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்த வீடு. ஏற்கெனவே காலில் பாதி போய்விட்டது, வேலை போய்விட்டது. இதையும் சொல்லி அவரைப் படுக்கையில் தள்ளவேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் ஆட்களை மேய்த்து வேலை வாங்கிக்கொண்டிருந்த கெப்பாலாவை வாசலில் மறித்து, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் வந்தார். சுவரைக் கையால் தட்டினார். பழைய வீடு என்றால் விரிசல் இருக்கத்தான் செய்யும் ஆன்ட்டி என்று மலாயில் சொல்லிவிட்டு, அடுப்படியில் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரியம்மாவுக்கும் சொன்னேன். அவருடைய ஆள் வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். பிறகு வரவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த முட்டுக்கட்டைகளைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். கூரை ஒழுகுகிறதாம், பார்க்க வந்தார்கள் என்றேன். அதற்கும் சரி என்றார்.

மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “அவங்களே இடமில்லாம இருக்காங்க லா. நாம போயி எங்க படுக்கறது?” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியது. சாயங்காலம் சாயங்காலம் கொட்டியது. பக்கத்து வீட்டில் கூரை எடுத்திருந்ததால் மழை நேராக நடுச்சுவரின் தலையில் இறங்கியது. எங்கள் பக்கம் சுவர் கறுத்து, தொட்டால் ஈரம் விரலில் ஒட்டியது. எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. ஊசி கையில் குத்தும். தெருவில் லோரி பின்கதவைப் படாரென்று சாத்தினால் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிரஷர் என்று சொல்லிவைத்தேன். அது பொய்யும் இல்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்தது. மத்தியானம் வேலையை முடித்து, அவருக்குப் பிடித்த மீன் கறி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு குடையைப் பிடித்துப் பாலத்துக்கு வந்தேன். பாலத்தின் நடுவில் வரும்போது கேட்டது. இடி மாதிரி மேலே இருந்து வரவில்லை. கீழே இருந்து வந்தது, கல் லோரி கல்லைக் கொட்டுவது மாதிரி, நீளமாக. திரிஷாக்காரர் ஒருவர் பாட்டை நிறுத்திவிட்டு எங்கள் தெரு பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நான் ஓடினேன். குடை எங்கே போனது என்று தெரியாது. தெருமுனையில் திரும்பியதும் பழக்கத்தில் தலையைத் தூக்கினேன். எங்கள் வீட்டு ஓடுகள் இல்லை. முன்சுவரும் கதவும் அப்படியே நின்றன. அவற்றுக்குப் பின்னால் வெறும் வானம். மழையிலும் அடங்காமல் வெள்ளைப் புழுதி எழும்பி நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே இருந்து ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே ஓடு ஒன்று வழுக்கி விழும் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்க் காப்பிக்கடைச் சீனரும் இன்னொருவரும் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உள்ளே இருக்கிறார், நடக்க முடியாதவர், விடுங்கள் என்று தமிழில் சொல்கிறேன், மலாயில் சொல்கிறேன், எந்தப் பாஷை வருகிறது என்றே தெரியவில்லை. சீனருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் பிடியை விடவில்லை.

அப்போது தெருமுனையில் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தார். அத்தரும் தொப்பியும் பாயும் விற்கிற கடை. அவருடைய அத்தா காலத்திலிருந்து அங்கே இருக்கிறது. அப்போதுதான் தொழுகை முடிந்து வந்திருந்தார்.

“தங்கச்சி, அவரு உள்ள இல்ல. என் கடையில உக்காந்திருக்காரு. வாங்க, வந்து பாருங்க.”

எனக்கு அது ஏறவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறை. கடைக்குள், சுருட்டி நிறுத்திய பாய்களுக்கு நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தடி மடியில் இருந்தது. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பல் கிட்டித்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நானாவின் மனைவி உள்ளேயிருந்து ஒரு கைலி கொண்டுவந்து என் மேல் போர்த்தினார்.

நானாதான் சொன்னார். நான் வேலைக்குப் போனதும் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கடைக்கு வந்துவிடுவாராம். இன்று நேற்றல்ல, வாரக்கணக்காக. நான் திரும்புகிற நேரத்துக்கு முன்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுவிடுவாராம். அன்றைக்கும் கிளம்பத்தான் இருந்தார். மழை வலுத்ததால், கொஞ்சம் விட்டதும் போகலாம் என்று இருந்திருக்கிறார்.

“ஏங்க எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

அவர் மடியில் இருந்த தடியைக் கால் பக்கம் நகர்த்தி வைத்தார். “அந்தக் காலண்டர நீ மாத்தின அன்னிக்கே பின்னால பாத்துட்டேன். அதுக்கப்புறம் உள்ள இருக்கவே முடியல. பயமா இருந்துச்சு. சொன்னா நீ வேலைக்குப் போவ மாட்ட, அங்கயும் இங்கயும் நின்னு அழுவ. அதான்.”

வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்த பங்களாதேஷ் பையன்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து, தாங்கள் சாப்பிட உட்காருகிற இடத்தில் சுவர் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மழையில் அப்படியே நின்றார்கள். ஒருவன் மட்டும் என்னிடம் வந்து மலாயில் மன்னிப்புக் கேட்டான். அவன் எதற்குக் கேட்கவேண்டும்?

தீயணைப்புக்காரர்கள் வந்து தெருவை அடைத்தார்கள். மாத்திரைகள், துணிமணி, மகள் கல்யாணப் படம் என்று கைக்கு எட்டியதை மறுநாள் எடுத்துக் கொடுத்தார்கள். படுக்கையறை இருந்த இடத்தில் கட்டிலின் கால் ஒன்று செங்கலுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

இப்போது பாயா ரும்புட்டில் ஒரு சின்னத் தாமான் வீட்டில் இருக்கிறோம். இங்கேயும் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தான், ஆனால் புதுச் சிமெண்ட். மகள் வீடு பக்கம். துணிக்கடைக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். பாலம் வரை போவேன். எங்கள் தெருவுக்குள் மட்டும் இன்னும் போகவில்லை.

போன மாதம் நானா கூப்பிட்டார் என்று அவரையும் அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். முனையில் நின்றுவிட்டேன். கால் எடுத்து வைக்க வரவில்லை. அவர் என்னைத் தெருவுக்கு வெளியே இருந்த வேறொரு காப்பிக்கடை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு தனியாகப் போனார். சுற்றுலாக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் முதுகு கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

நானாவையும் எங்கள் வீட்டு வாசலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு வீட்டையும் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்களாம். வேலை நிற்கிறதாம். உள்ளே புல் முளைத்துவிட்டதாம்.

“பயமா இருந்துச்சாங்க?” என்று கேட்டேன்.

“ம்” என்றார். “கால் நடுங்குது பாரு.”

மேசைக்கு அடியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நேரம் வரும்வரை அப்படியே இருந்தோம்.