கடைசியில் வரும் மெல்லிய சத்தம்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் என்னிடம் யாரும் பேசக் கூடாது. பகலெல்லாம் சத்தம் கேட்டே சம்பாதிக்கிறவள் நான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளையும் ஜாடிகளையும் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. கணீரென்றால் நல்ல சாமான். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், ஒதுக்கிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் மண் அரைக்கும் மில் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பக்கத்து வீட்டு டிவி கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அதைப் பார்த்துத்தான், சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் அந்தப் பியானோ இசையைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். இங்கே பங்குக் கோயிலில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவள் அவள்.

"பாட்டு எதுவும் கெடையாதும்மா. வெறும் பியானோதான். சும்மா படுத்துக்கினு கேளு."

ஒரே ஒரு பெண் தனியாக வாசித்தது. பழைய காலத்து ஐரோப்பியர் இருவர் எழுதிய சின்னச் சின்ன உருப்படிகள், மாற்றி மாற்றி வரும். ஒருவர் இளம் வயதில் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பாதவர். இன்னொருவர் சொந்த நாட்டிலேயே இருந்து, கடைசியில் புத்தி பேதலித்துப்போனவர் என்று மகள் சொன்னாள். பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. போனவர், இருந்தவர் என்று நானே வைத்துக்கொண்டேன். போனவர் நாலடி நடந்துவிட்டுச் சலித்து உட்கார்ந்துவிடுவார். இருந்தவர் பேச ஆரம்பித்து, பாதியில் வேறு ஏதோ ஞாபகம் வந்து நிறுத்திவிடுவார். இருவரையும் எனக்குப் பிடித்துப்போயிற்று. டீ ஆறுவதற்குள் ஒன்று முடிந்துவிடும். அதற்கு மேல் எதையும் கேட்க எனக்குத் தெம்பும் இல்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது இருந்தவருடையது. மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போய், உச்சியில் மெல்லிசாக ஒரே ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். நல்ல கோப்பையைத் தட்டினாற்போல இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து உலை வைப்பேன்.

இந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தச் சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு முன்னால் ஏறுகிற இடமும் மந்தமாகக் கிடந்தது. எனக்கு வேறென்ன தோன்றும்? விரிசல் என்று முடிவு கட்டினேன். போனுக்குள் பட்டறை மண் புகுந்திருக்கும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னேன். கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். நான் நம்பவில்லை. மகளுக்குப் போன் போட்டேன்.

"நீ ஏத்துனது விரிசல் வுட்டுப்போச்சு. வேற ஏத்திக் குடு."

அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடைசி உருப்படியைப் போட்டேன். அந்த இடம் தாண்டியதும், "பாத்தியா, இங்கதான் இல்ல" என்றேன். அவள் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"வந்துதேம்மா."

மறுபடியும் போட்டாள். இந்த முறை அந்த இடத்தில், "இப்ப" என்றாள். அவள் குரல் கேட்டது. சத்தம் கேட்கவில்லை.

விரிசல் சாமானில் இல்லை. காது போகிறதே என்று அழக்கூட வரவில்லை. தட்டிப் பார்க்கும் வேலை போனால் எனக்கு வேறென்ன தெரியும் என்றுதான் முதலில் பயந்தேன். மகள் டாக்டரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பட்டறையில், நான் ஒதுக்கிவைத்த கோப்பைகளில் சிலவற்றை எடுத்து, பக்கத்தில் பேக்கிங் செய்யும் பெண்ணிடம் கொடுத்துத் தட்டச் சொன்னேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிறவள்.

"கணீர்னுதானக்கா இருக்குது. இத ஏன் ஒதுக்குனீங்க?"

நான் ஒதுக்கிய குவியலைக் காட்டித்தான் கொஞ்ச நாளாக முதலாளி சூளைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார், சூடு சரியில்லை என்று. அந்த மனிதரும் தலையைக் குனிந்துகொண்டு விறகா, காற்றா, மழை ஈரமா என்று தேடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் என் பிழைப்பு ஓடும். அவருடையது ஓடாது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப அங்க யார உக்கார வெக்கிறது?"

பேக்கிங் பெண்ணைக் காட்டினேன். குச்சியை நானே அவளிடம் கொடுத்தேன்.

இப்போது நான் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றுகிறேன். அவள் தட்டுவதை வைத்து எது நல்லது என்று எனக்குத் தெரியாது; அவள் எந்தப் பக்கம் வைக்கிறாள் என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்து படுத்தால் உடம்பெல்லாம் வைக்கோல் அரிப்பு. ஆனாலும் போனைப் போட்டுக்கொள்கிறேன். போனவர் நடக்கிறார், உட்காருகிறார். இருந்தவர் பேசுகிறார், நிறுத்துகிறார். கடைசியில் மெதுவாக ஏறி ஏறி அந்த இடம் வருகிறது.

"இப்ப" என்று நானே சொல்லிக்கொள்கிறேன். பிறகு எழுந்து உலை வைக்கிறேன்.