ஒரத்தநாட்டு வாய்க்காலில் ஒரு நோர்வேச் சொல்

காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் ஒரத்தநாடு பேருந்து ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் நாற்றங்கால்கள் பச்சைப்பசேலென்று கிடந்தன. எங்கள் ஊரில் நாற்று கருகுகிறது. முறை வைத்து விடும் தண்ணீர் அன்று மாலை வருகிறது, வாய்க்காலோ காட்டாமணக்கு மண்டி அடைந்து கிடக்கிறது.

எட்டரைக்கு அண்ணன் பைக்கோடு நின்றான். வெட்ட வந்த ஆள் இறங்கவில்லை என்று வழிநெடுகப் புலம்பினான். நான் நோர்வேயில் நர்ஸ், விடுமுறைக்கு வந்தவள். அங்கே 'டூக்னாட்' என்று ஒரு நாள் வைத்து, குடியிருப்பே கூடி வேலை செய்யும் என்றேன். "அதான் நம்ம குடிமராமத்து" என்றான். அவசரக்குடுக்கை, நானும் தலையாட்டினேன்.

வாய்க்கால் கரையில் பத்துப் பேர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. வாய்க்கால் முடியும் கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் செல்விதான் பேசினாள். அவளைப் பெற்றவர்கள் எங்கள் வயலில் வேலை பார்த்தவர்கள்.

"எங்க நாத்தும்தான் காயுது. ஆனா எப்பவும் நாங்க எறங்குவோம், நீங்க கரையில நிப்பீங்க. இந்தத் தடவ நீங்களும் எறங்கணும்."

அப்பாவே இறங்கியதில்லை, நான் எப்படி இறங்குவேன் என்றான் அண்ணன். மணி பத்தரை. வெயில் மண்டையைப் பிளந்தது. பேச்சை மாற்றலாமென்று செல்வியிடம் டூக்னாட் கதையை எடுத்தேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

கேட்டுவிட்டு அவள், "அந்த ஊர்ல கரையில யாரு நிப்பாங்க, அக்கா?" என்றாள்.

டூக்னாட் என்ற சொல்லின் வேர் 'டூகா'. உதவுவது, எதற்காவது பயன்படுவது என்று பொருள். சுவீடன்காரர் இன்றும் டூகா என்பார், நோர்வேயில் டூகெ, டென்மார்க்கில் டூ. கரையில் நிற்பவனுக்கு அதில் இடமே இல்லை. அதை அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு நான் இறங்கினேன். செல்வி சிரிக்கவில்லை. "நீங்க நாளைக்குக் கெளம்பிடுவீங்க. அண்ணன் எறங்கட்டும்."

அண்ணன் என்னை முறைத்தான். வாட்சைக் கழற்றிப் பைக்கில் வைத்தான், கைலியை மடித்துக் கட்டினான், இறங்கினான். அவளிடமே கேட்டான்: "எங்கேருந்து வெட்டணும்?"

அவள் நகர்ந்து இடம் காட்டினாள். பத்துப் பேரும் இறங்கினார்கள். ஆறு மணிக்குக் கடைமடை வரை தண்ணீர் ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலைப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்த உள்ளூர்க்காரர், நான் யாரென்று தெரியாமல், அண்ணன் வாய்க்காலில் இறங்கிய பெருமையை எனக்கே சொன்னார். நோர்வேயில் டூக்னாட்டுக்கு வந்தவரை யாரும் புகழ்வதில்லை. நேற்று வேறு யார் யார் இறங்கினார்கள் என்று கேட்டேன். "அவங்க எப்பவும் எறங்குறவங்கதானேம்மா" என்றார்.