குடிச்சுப் பாருங்க!

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சண்டை.

குன்னூரில் மாசி, பங்குனி வந்தால் தண்ணீருக்குச் சண்டை வருவது புதிதல்ல. மலை என்றால் எப்போதும் மழை என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்... இந்த மாதங்களில் வந்து பார்க்கட்டும். உறைபனி கருக்கிவிட்டுப் போன புல்லை வெயில் வறுத்துக்கொண்டிருக்கும். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தாலே விசேஷம்.

ஆனால் இது ஒரு கீரைப் பாத்திக்காக வந்த சண்டை.

எதிர்வீட்டு நடராஜன் தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். கிளார்க்காக இருந்தார் என்பதுதான் சரி. தேயிலை விலை விழுந்ததில் ஃபேக்டரி பாதி நாள் ஓடியது. பிறகு ஓடவே இல்லை. "கூப்பிட்டு அனுப்புறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அவருக்கு ஒரே பெருமை, வாசலில் இருந்த டேலியா பூச்செடிகள். மே சீசனில் டூரிஸ்ட்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். ஒரு நாள் காலையில் அவர் மனைவி சரஸ்வதி அந்தச் செடிகளையெல்லாம் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, கீரையும் முள்ளங்கியும் பீன்ஸும் போட்டுவிட்டார்.

"இருக்கற தண்ணிக்கு ஏதாவது ஒண்ணுதானுங்க பொழைக்கும். பூவை வெச்சு சாறு காய்ச்ச முடியுங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டாராம்.

நியாயம்தான். ஆனால் நடராஜன் அன்றோடு சரஸ்வதியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டு வைத்தால் சாப்பிடுவார். கை கழுவிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். தெருவுக்கே தெரிந்த மௌனம் அது.

சரஸ்வதி பாட்டுக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அரிசி களைந்தது, காய் கழுவியது, பால் பாத்திரம் அலசியது... எல்லாம் ஒரு வாளிக்குப் போகும். சோப்பு கலந்த தண்ணீர் மட்டும் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு வேரடி பார்த்து ஊற்றிவிட்டு, ஈரம் காயாமல் இருக்க மேலே சருகைப் பரப்பிவிடுவார்.

பாத்தி பச்சைப்பசேல் என்று வந்தது. அதுதான் வினை. தெருவே காய்ந்து கிடக்கும்போது ஒரு வாசல் மட்டும் பச்சையாக இருந்தால் நாம் என்ன நினைப்போம்?

கோடி வீட்டு ஈஸ்வரி அப்படித்தான் நினைத்தார். தண்ணீர் திறந்துவிடும் ஆளிடம் சொல்லியும்விட்டார். அந்த ஆள் நேராகச் சரஸ்வதி வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, குடிதண்ணிய செடிக்கு ஊத்துனா கனெக்‌ஷனைக் கட் பண்ணச் சொல்லி ஆர்டர். தெரியுமுங்களா?"

"இது சமையக்கட்டுத் தண்ணிங்க" என்றார் சரஸ்வதி.

"யாருகிட்டக் கதை சொல்றே? சமையக்கட்டுத் தண்ணியிலதான் இப்படி வளருதா?" - இது ஈஸ்வரி.

கூட்டம் கூடிவிட்டது. நானும் வாசலுக்கு வந்துவிட்டேன். கனெக்‌ஷன் போனால் சீக்கிரம் திரும்பக் கிடைக்காது. சரஸ்வதிக்குக் கண் கலங்கிவிட்டது.

நடராஜன் எழுந்தார். உள்ளே போனார். ஒரு டம்ளரோடு வந்தார். பாத்தி ஓரம் இருந்த வாளியில் முக்கி எடுத்தார். பீட்ரூட் தோலும் சோற்றுப் பருக்கையும் மிதந்த, கலங்கிய, லேசாகப் புளித்த தண்ணீர். அதைத் தண்ணீர் திறக்கிறவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"குடிதண்ணின்னு சொன்னீங்கல்ல? குடிச்சுப் பாருங்க!"

அவர் இரண்டடி பின்னால் போனார். டம்ளர் ஈஸ்வரி பக்கம் திரும்பியது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். சண்டை அத்தோடு கலைந்தது.

நடராஜன் டம்ளரை வாளியிலேயே கவிழ்த்துவிட்டு, மனைவியைப் பார்க்காமல் சொன்னார்:

"சரசு... முள்ளங்கிக்குத் தண்ணி பத்தல. எல வாடுது."

இத்தனை நாளும் மனிதர் உட்கார்ந்து அதைத்தான் பார்த்திருக்கிறார்!

"வாயத் தொறந்து நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றார் சரஸ்வதி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

இப்போது நடராஜன் தினமும் சாயங்காலம் வாளியோடு கிளம்புகிறார். வீட்டுக்கு வீடு கழுநீர் வாங்குகிறார், பதிலுக்குக் கீரை. ஈஸ்வரி வீட்டிலிருந்துதான் வாளி நிறைய வருகிறது. பாத்தியும் பின்பக்கம் வரை நீண்டுவிட்டது.

வேலை போன மனிதருக்கு ஆறுதல் சொல்லத் தெருவில் நிறையப் பேர் இருந்தோம். கையில் ஒரு வாளியைக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் திருப்பூரிலிருந்து சரஸ்வதியின் தம்பி வந்தார். பனியன் கம்பெனியில் அக்கா புருஷனுக்கு ஆபீஸ் வேலை பேசி வைத்திருக்கிறாராம். உடனே கிளம்ப வேண்டுமாம்.

"பீன்ஸ் இப்பத்தான் பிஞ்சு விட்டிருக்குது மாப்ள. காய் பறிச்சுட்டு வர்றேனே" என்றிருக்கிறார் நடராஜன்.

பீன்ஸ் மாதச் சம்பளம் தராது என்று அவருக்கும் தெரியும். வைகாசியில் கீழே இறங்கிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பிக்கு மகா கோபம். எங்கள் வீட்டுக்கு வந்து, "இந்த மலையில இனி என்னங்க இருக்குது?" என்று பொரிந்துவிட்டுப் போனார்.

தம்பி பஸ் ஏறும்போது பார்த்தேன். இரண்டு கையிலும் பை... இரண்டிலும் கீரைக்கட்டு எட்டிப் பார்த்தது!