டீக்கடையில் நின்ற பச்சைப் புள்ளி

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் பால் ஊற்றும்போது நான் பாத்திரத்தைப் பார்க்க மாட்டேன், அளக்கும் குவளைக்குள் அவர் கட்டைவிரல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்றுதான் பார்ப்பேன். கோயம்புத்தூர் கணபதியில் எங்களுக்குப் பம்புசெட் உதிரிபாகப் பட்டறை. வீட்டுக்காரர் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராக அலைவார். பட்டறையையும் மூன்று குட்டி யானை லோடு வண்டிகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வண்டிகள் போகவேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேராததால், ஜிபிஎஸ் வைப்பது என்று முடிவெடுத்தேன். விற்க வந்தவர் இரண்டு வழி சொன்னார். டிரைவர்களின் போனிலேயே செயலியை ஏற்றிவிடலாம், சுலபம். இல்லையென்றால் வண்டிக்குள் பெட்டி பொருத்தி பேட்டரியோடு இணைக்கலாம். "போன் ஆளைத்தானுங்க காட்டும். வண்டியக் காட்டணும்னா பொட்டிதானுங்க" என்றார்.

"போனே போதுமுங்க்கா. பொட்டி வெக்கறேன்னு வண்டி வயரிங்கையெல்லாம் கிழிச்சுப்போடுவானுங்க" என்றான் என் தம்பி. கூடப்பிறந்தவன். சரக்கு அனுப்பும் வேலையை நம்பி அவனிடம் கொடுத்திருந்தேன். பெட்டியில் கமிஷன் அதிகம் போலிருக்கிறது, அதனால்தான் இந்த ஆள் இப்படித் துள்ளுகிறார் என்று எனக்கும் பட்டது. டீ கொடுத்து அனுப்பிவிட்டு, போன் செயலியையே வாங்கினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி தேவைப்படவில்லை. மூன்று பச்சைப் புள்ளிகள் ஊர்வதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். புதன்கிழமைதோறும் மேட்டுப்பாளையத்துக்கு லோடு போகும். அந்தப் புள்ளி காரமடையில் ஒரு டீக்கடைப் பக்கம் போய் நின்றுவிடும். கால் மணி இல்லை, அரை மணி இல்லை, முழுசாக ஒன்றேகால் மணி நேரம்! அதை ஓட்டியவர் என் மாமனார் காலத்திலிருந்து எங்களிடம் இருந்தவர். நான் கல்யாணமாகி வந்த கார் அவர் ஓட்டியது. என்னை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார்.

நான்காவது புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். டீக்கடை இருந்தது. புள்ளியும் அங்கேயே நின்றது. வண்டியைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தால், பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் அவர் போன் சார்ஜில் கிடக்கிறது.

"டிரைவர் அண்ணன் எங்கீங்க?"

"தெரீலீங்க. வாரா வாரம் போனை இங்க வெச்சுப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போவாருங்க. கொஞ்ச நேரத்துல வந்துருவாருங்க" என்றார் கடைக்காரர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கேயே உட்கார்ந்து கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் என் புத்தி வேறு மாதிரி போயிற்று. நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும் என்று திரும்பிவிட்டேன்.

எங்கள் பட்டறை வாசலில் ஒரு பிள்ளையார் உண்டு. வெள்ளிக்கிழமை காலை பூஜை முடிந்துதான் மெஷின் ஓடும். அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் நிற்கையில் நான் சூடத் தட்டைக் கீழே வைக்க விடவில்லை. எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. தயங்கினால் அதற்கு மேல் விசாரணையும் இல்லை.

"புதன்கிழமை வண்டில திருட்டு லோடு எதும் போகலீன்னு சூடத்தை அணைச்சுச் சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன்.

தட்டைப் பிடித்திருந்தது தம்பி. டிரைவர் சூடத்தைப் பார்த்தார். தட்டைப் பிடித்த கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க அம்மணி" என்று சொல்லி, வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று எனக்குள் ஒரு திருப்தி. அதை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

புது டிரைவர் வந்தார். பட்டும் திருந்தாவிட்டால் நான் என்ன பட்டறைக்காரி? விற்பனைக்காரரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் அந்த வண்டிக்குப் பெட்டி பொருத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. தம்பிக்குச் சொன்னால் வாய் நிற்காது, புது ஆள் காதுக்குப் போய்விடும் என்று அவனுக்கும் சொல்லவில்லை.

புதன்கிழமை வந்தது. திரையில் இப்போது ஒரே வண்டிக்கு இரண்டு புள்ளிகள். காரமடை வரை சேர்ந்தே போயின. அதே டீக்கடையில் போன் நின்றது. பெட்டியின் புள்ளி மட்டும் பிரிந்து, தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதையில் திரும்பியது.

டிரைவர் மாறிவிட்டார், வழி மாறவில்லை. அப்படியென்றால் வழி சொல்லிக் கொடுப்பவர் ஒருத்தர் இங்கேயே இருக்கிறார்.

போய்ப் பார்த்தேன். தகரக் கூரை போட்ட புது ஷெட். வாசலில் எங்கள் வண்டி. நாங்கள் வார்த்த பம்ப் பாகங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான் என் தம்பி. என்னைக் கண்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க்கா. தனியா ஒரு பட்டறை போடலாம்னு…"

கத்துவேன் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. பால்காரர் விரலை, விற்க வந்தவர் பேச்சை, முப்பது வருஷ டிரைவரை, எல்லாரையும் சந்தேகப்பட்டவள் இவனை மட்டும் விட்டிருக்கிறேன். இனிமேல் பட்டறைப் பக்கம் வராதே என்று மட்டும் சொன்னேன். ஆட்களிடம், தம்பி சொந்தத் தொழில் தொடங்கிவிட்டான் என்று சொல்லி மைசூர்பா கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு வெள்ளகோவிலுக்குப் போனேன். பழைய டிரைவர் சொந்த ஊருக்கே திரும்பியிருந்தார். வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கே ஏனுங்க சொல்லலை?"

"அக்கா தம்பிக்கு நடுவுல நான் என்னத்தைங்க சொல்றது? போனை வெச்சுட்டுப் போன்னு உங்க தம்பிதானுங்க சொன்னாரு. முடியாதுன்னு சொல்லியிருக்கோணும், அது என்ர தப்புத்தான். அதுக்காகச் சூடத்துல அடிச்சுப் பொய் சொல்ல முடியுங்களா?"

"திரும்ப வந்துருங்க. இனி போன் கிடையாது, மூணு வண்டிக்கும் பொட்டி வெச்சாச்சு. உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க" என்றேன்.

அவர் குரலில் கோபமே இல்லாமல் கேட்டார்.

"தம்பிகிட்ட அந்தச் சூடத்தைக் காட்டுனீங்களா அம்மணி?"

கையில் மைசூர்பா டப்பா இருந்தது. பட்டறையில் கொடுத்தது போக மீதம்.

"சரீங்க. டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்று சொல்லி உள்ளே போனார். டீ நன்றாக இருந்தது. வேலைக்கு வாரேன் என்று மட்டும் அவர் சொல்லவேயில்லை.