அக்கா அலங்கரித்த ஹால்

அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்லதையும் எழுதுகிறேன், நெஞ்சை அறுப்பதையும் எழுதுகிறேன். படிக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் அண்ணனையும் என்னையும் படிக்க வைக்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் இருவரையும் கரையேற்றிய பிறகுதான் கிள்ளானில் தமக்கென்று ஒரு சிறிய வீடு வாங்கினார்.

அந்த வீட்டு ஹாலை அவர் அலங்கரித்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். காபி மேசை, கண்ணாடி அலமாரி, சாமி மேடை, செருப்பு அலமாரிகூட மரம்தான். எல்லாவற்றின் ஓரமும் அலை அலையாக வளைத்து வெட்டியிருக்கும். ஒன்றை வாங்கி வெகு நாள் கழித்துத்தான் அடுத்ததை வாங்குவார். ஞாயிறு காலைகளில் பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு வளைவாகத் தூசி எடுப்பார்.

“என்னக்கா இது, மேசைக்கெல்லாம் கவுன் தெச்சுப் போட்ட மாதிரி இருக்குலா,” என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

“லயத்துல பார்த்ததெல்லாம் பலகையும் தகரமும்தான்டா. இனிமேயாவது என் கண்ணு அழகா எதையாவது பார்க்கட்டும்,” என்பார் அக்கா.

நுரையீரலில் கிருமி தொற்றி அவர் ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடந்தபோது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். “ஹாலைக் காலி பண்ணணும். சவப்பெட்டி வைக்கணும், ஆளுங்க உட்காரணும். நான் பார்த்துக்கிறேன், நீ அக்கா கூட இரு.”

சாமான்களைப் பின்னறைக்குத் தள்ளுவார் என்று நம்பினேன். அவரோ லோரி கொண்டு வந்தார். கண்ணாடி அலமாரி அண்ணன் மகளின் புது வீட்டுக்குப் போனது. காபி மேசையைப் பிரிக்பீல்ட்ஸ் சித்தி, “நினைவா ஒன்னு வெச்சிக்கிறேன்,” என்று எடுத்துக்கொண்டார். மற்றதை மற்றவர்கள். நினைவுப் பொருள் பங்கு போட்டபோது அக்காவுக்கு மூச்சு இருந்தது.

அக்கா கண் விழித்தார். தேறினார். நான்தான் காரில் அழைத்து வந்து கதவைத் திறந்துவிட்டேன். ஹாலில் சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கா வாசலிலேயே நின்றார்.

“எனக்காகப் போட்டதாம்மா?” என்று கேட்டார்.

அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “அக்கா திரும்பி வருவாங்கன்னு யாருலா நெனச்சா?” என்றார். பொருள் போனதைவிட அந்தச் சொல்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. திருப்பிக் கேட்கலாம் என்றேன். அக்கா விடவில்லை. “வேணாம்மா. சண்டை போட்டு வாங்கின மேசையில எப்படி நான் டீ வைப்பேன்?”

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் மகள் வீட்டுக்குப் போனோம். அலமாரி அங்கே நின்றது. அக்கா அதன் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, “வளைவுல தூசி தங்கும்மா, பிரஷ் வெச்சுத் தட்டணும்,” என்றார். அவள், “சரி அத்தை,” என்றாள். காரில் வரும்போது அக்கா அழுதார். எங்களை வளர்த்த காலத்தில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சில மாதங்களில் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

கடைசி நாட்களில் கஞ்சி கொண்டுவந்ததோடு, அக்கா சாய்ந்துகொள்ளத் தம் வீட்டு நாற்காலியையே தூக்கி வந்த பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், அலுவலக நண்பர்களுக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் கைகூப்புகிறேன்.

அண்ணன் குடும்பத்துக்கும் நன்றி எழுது என்கிறார்கள். அக்கா இருந்திருந்தால், “எழுதும்மா, தம்பிதானே,” என்று சொல்லியிருப்பார், நானும் எழுதியிருப்பேன். சொல்வதற்கு அவர் இல்லை.

பாசத்துடன்,
தங்கை