மாவு டப்பாவில் ஒரு சாவி

சனிக்கிழமை பத்து மணிக்கு வெர்ன் ஆஸ்லண்ட், பெர்னிஸ் வீட்டு மிதியடியில் பூட்ஸை இரண்டு தரம் தேய்க்கிறார். கதவைத் தட்டும் பழக்கம் இல்லை; தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். கையில் எண்ணெய்க் குப்பி, பழைய பனியன் துணி, ஒரு நீளக் கம்பி. உள்ளே பெர்னிஸ் சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாளை விரித்துவிட்டு, பெரிய மாவு டப்பாவுக்குள் கைவிட்டுச் சாவியை எடுக்கிறார். ஏப்ரனில் அதைத் துடைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கி, அங்கே பூட்டிய அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வருகிறார். மொத்தம் ஏழு துப்பாக்கிகள். ஏழும் வெர்ன் வீட்டிலிருந்து வந்தவை.

"இந்த வாரம் எப்படி?" என்று அந்த அம்மாள் கேட்பார்.

"பரவால்ல."

"பரவால்லங்கறதெல்லாம் ஒரு பதிலா?"

வெர்ன் குழலுக்குள் கம்பியை விட ஆரம்பித்துவிடுவார்.

வயது அறுபத்தொன்று. மொன்டானாவின் வடக்கு ஓரத்தில், காற்று ஒரு நாளும் லீவு போடாத வெளியில், பண்ணை பண்ணையாகக் காஸ் லாரி ஓட்டுகிறார். சொந்த பிக்கப் வண்டியில் பின்கண்ணாடியை ஒட்டித் துப்பாக்கி மாட்டும் கொக்கிகள் இரண்டு உண்டு. முன்பு ஒன்றில் அவருடையது, இன்னொன்றில் மனைவி டெலோரிஸுடையது. இப்போது இரண்டும் காலி. அந்தக் காலிக் கொக்கிகளைப் பார்க்காமல் வெர்ன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

துப்பாக்கி உரிமை என்று யாராவது வாயெடுத்தால் போதும், வெர்ன் பேசி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும். உள்ளூர்ப் பத்திரிகைக்கு இருபது வருடமாகக் கடிதம் எழுதுகிறார்; பாதி கடிதங்கள் பெர்னிஸ் எழுதியதற்கு மறுப்பு. "போலீஸ் வர அம்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் வந்தவனுக்கு நான் காபி போட்டுக் குடுக்கணுமா?" என்பார். "துப்பாக்கிப் பட்டியல் குடுன்னு கவர்மென்ட் கேட்டா, மளிகைப் பட்டியலத்தான் குடுப்பேன்." கேட்டவர்கள் சிரித்து ஓய்ந்தபின், சொந்தக் காரணம் மெல்ல வரும். பன்னிரண்டு வயதில் அப்பா கொடுத்த ரைஃபிள் ஒன்று. மீதி எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றிச் சேர்ந்தவை.

உணவுக்கடையில் சேக்காளிகள் விடுவதில்லை. "ஏம்ப்பா வெர்ன், கவர்மென்டுக்குக் குடுக்க மாட்டேன்னு கத்துற. ஆனா பெர்னிஸ்கிட்ட மட்டும் தூக்கிக் குடுத்துட்டியே!"

"அது கவர்மென்ட விடக் கறாரு," என்பார் இவர்.

நடந்தது இதுதான். போன பிப்ரவரியில் டெலோரிஸ் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அவர் போன மூன்றாம் வாரம், ஞாயிறு மதியம், வெர்ன் துப்பாக்கி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. பயந்துபோனார். ஏழையும் கம்பளியில் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இந்தப் பக்கத்தில் மனசு சரியில்லாதவன் நண்பனிடம் துப்பாக்கியைக் கொடுத்து வைப்பது புதிதல்ல. ஆனால் வெர்ன் நண்பர்கள் வீடு ஒவ்வொன்றையும் தாண்டிப் போனார். "அவனுங்க எல்லாம் நல்லவனுங்க. திருப்பிக் கேட்டா உடனே குடுத்துருவானுங்க," என்று பிறகு சொன்னார். வண்டி நின்றது, துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கச் சொல்லும் பலகை நட்ட ஒரே முற்றத்தில், பெர்னிஸ் வீட்டில். பெர்னிஸின் தம்பி முப்பது வருடத்துக்கு முன் இதே மாதிரி ஓர் அலமாரியைத் திறந்தவன். அவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்க ஆள் இருக்கவில்லை. கம்பளி மூட்டையைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார்.

ஆறு துப்பாக்கிகளை வெர்ன் கறாராகத் துடைப்பார். ஏழாவது டெலோரிஸுடையது. குளிர்ந்த மரக்கட்டைப் பிடி கன்னத்தில் சுரீரென்று படுகிறதென்று அதற்கு ஒரு ஃபிளானல் துணி உறை தைத்து, நாடா போட்டுக் கட்டியிருந்தார் டெலோரிஸ். முப்பத்தோரு வருடம், அக்டோபர் கடைசியில், மலைமுகட்டில் இருவரும் ஒரே பாறையில் சாய்ந்து பேசாமல் விடியலைப் பார்த்திருக்கிறார்கள். மான் வந்ததும் உண்டு, வராததும் உண்டு. உறையில் இன்னும் டெலோரிஸின் பவுடர்க் கறை இருக்கிறது. எண்ணெய்க் கை அதில் பட்டுவிடக் கூடாதென்று வெர்ன் அந்த ரைஃபிளைத் துடைப்பதே இல்லை. அந்தப் பாறைக்கு மறுபடி போக வேண்டும் என்று அவர் ஏங்கும் ஏக்கம் சொல்லி மாளாது.

வேட்டைக் காலம் தொடங்க ஒரு வாரம் இருந்த சனிக்கிழமை, பெர்னிஸ் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ வெர்ன். சவரம் பண்ணியிருக்க. டாக்டரத் தவறாமப் பாக்குற. மூஞ்சியில கொஞ்சம் சதை வெச்சிருக்கு. பன்னண்டு வயசுலேருந்து ஒரு சீசன் விட்டதில்லியே நீ."

வெர்ன் சாவியை எடுத்தார். பூட்ஸ் சத்தம் நிலவறைப் படிகளில் வேகமாக இறங்கியது. மேலே வந்தபோது கையில் ஒன்றே ஒன்று, டெலோரிஸின் ரைஃபிள். அதை மேசைமேல் கிடத்தி, நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். பெரிய விரல்கள், சின்ன முடிச்சு; நேரம் பிடித்தது.

"என்ன பண்ற?"

"அக்டோபரத் தாங்கிருவேன் பெர்னிஸ். நவம்பரும் தாங்கிருவேன்." முடிச்சு அவிழ்ந்தது. "பிப்ரவரிதான் தெரியல."

 பெர்னிஸ் உறையில்லாத அந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டு கீழே போனார். அலமாரி மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சாவியை நீட்டினார், டப்பாவில் போடு என்பதுபோல.

வெர்ன் ஃபிளானல் உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார். மாவு டப்பாவின் மூடியைத் திறந்தார். அந்த அம்மாள் எப்போதும் மேலாகத்தான் புதைத்து வைப்பார். வெர்ன் சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லை. சாவியைப் பிடித்தபடி மணிக்கட்டு மறைய, முழங்கை மறைய, அடி தட்டும் வரைக்கும் உள்ளே அழுத்தினார்.