முந்தானையும் மூன்று டம்ளர்களும்

ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் நடுவில் அண்ணி தன் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். காசிமேட்டு மீன் ஏலத்தில் நான் வாய்பிளந்து பார்த்த காட்சி அது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், குனிந்து முகர்வார், பிறகு முந்தானை, அதன் பிறகே அடுத்த கூடை. எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "மொத மீனு மூக்குல குந்திகினு கீது தம்பி. அத்த எழுப்பி உட்டாதான் ரெண்டாவது மீனு உள்ள வரும்" என்றார். ஏலம் எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். அவர் வேண்டாமென்று தள்ளிய கூடையை மற்றவர்களும் யோசித்துத்தான் தொடுவார்கள்.

அப்படி முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் வாசலில் லாரி எண்களை எழுதுகிறவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. ஆனால் கைபேசியில் வேறு பெயரில் நான் பெரிய பேச்சுக்காரன். சின்னச் சின்ன ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சி விற்கும் பீர்களை ருசி பார்த்து எழுதும் குழு ஒன்றில் இருந்தேன். மாதம் இரண்டு முறை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, நகரத்து மால் ஒன்றில் இருக்கும் கடையில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்து வாங்கி வருவேன். மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, மெதுவாகக் குடித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய வாசனைகளில் பாதி என் மூக்குக்கு வந்ததில்லை. மற்றவர்கள் எழுதியதையும் டின்னில் அச்சடித்திருந்ததையும்தான் அழகாக மாற்றி எழுதினேன்.

ஒரு பங்குனியில் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது அவர் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் ஏலத்துக்குப் போனார். கண்ணை மட்டும் நம்பி எடுத்த ஒரு கூடை சங்கரா அன்று மத்தியானமே ஓட்டலிலிருந்து திரும்பி வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்குள் சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. இரண்டு மாதம் படகுகள் கடலுக்குப் போகாது, ஏலமும் பேருக்குத்தான். படகுகள் திரும்பும் நாளில் மூக்கு இல்லையென்றால் இத்தனை வருடம் நின்ற இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அண்ணிக்கு மற்றவர்களைவிட நன்றாக.

தினமும் இரண்டு வேளை வீட்டுச் சாமான்களை முகரச் சொன்னார் டாக்டர். கிராம்பு, எலுமிச்சை, காபித்தூள். ஒரு வாரத்தில் அண்ணிக்குச் சலித்துவிட்டது. "கிராம்ப பாத்தா மூளையே கிராம்புன்னு சொல்லுது தம்பி. மூக்கு சொல்ச்சா மூளை சொல்ச்சான்னு தெர்ல. நான் இதுவரைக்கும் மோந்தே பாக்காத ஒண்ணு குடு" என்றார். என்னிடம் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. "நீ குடி, நான் மோந்துக்கறேன்" என்று ஒப்பந்தம் போட்டார். கடைசிவரை ஒரு சொட்டும் நாவில் வைக்கவில்லை.

அண்ணன் விசைப்படகில் போகிறவர். தடைக்காலத்தில் வீட்டிலேயே இருந்ததால் அவர் வாய்க்கு ஓய்வே இல்லை. "ஊர்ல பொம்பளைங்கல்லாம் ஒயின் ஷாப்ப மூடுன்னு சண்ட போட்டுகினு கீறாங்க. என் வூட்ல இன்னாடான்னா, புருசன் சும்மா குந்திகினு கீறான், பொண்டாட்டி பீர மோந்துகினு கீறா" என்பார். "உன்ன மோந்து மோந்துதான்யா மூக்கே பூட்ச்சு" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பார்.

ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. "தண்ணி மாரி கீது" என்பதே தினசரி பதில். ஒரு மாலை கோதுமை பீர் ஒன்றைத் திறந்து, நான் எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு டம்ளரை நீட்டினேன். அண்ணி நெடுநேரம் குனிந்திருந்தார். "பழுத்த பூவம்பழம்" என்றார். நான் துள்ளி எழுந்தேன். ஆனால் அவர் முகம் மலரவில்லை. "நீ இப்பதானே வாழப்பழம்னு படிச்ச. அதான் மூளை சொல்லுதோ இன்னாவோ" என்றார்.

தடைக்காலம் முடிய மூன்று நாள் இருந்தபோது, எதையும் வாசிக்காமல் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மொட்டை மாடியில் மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் மூன்று பீர் ஊற்றினேன். அண்ணியின் கண்ணை என் கைக்குட்டையால் கட்டினேன். முதல் டம்ளருக்கு "பூவம்பழம்" என்றார். அதே கோதுமை பீர்தான். இரண்டாவதில் இருந்தது கறுப்பு பீர். "காபிக்கொட்டைய வறுக்க சொல்லோ யாரோ கருக உட்டுட்டாங்க" என்றார். மூன்றாவதை முகர்ந்தவர் மூக்கைச் சுளித்துத் தலையைப் பின்னால் இழுத்தார்.

"இன்னா தம்பி இது, கலீஜா கீது. எக்ஸ்போர்ட் பண்ற எறா வருமே அட்டைப்பொட்டி, அது நனஞ்சு காஞ்சா ஒரு வாடை அடிக்கும். அதான் இது."

அந்த மூன்றில் விலை கூடியது அது. ஆரஞ்சுத் தோல், மலைத்தேன் என்றெல்லாம் எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டிருந்தேன். டம்ளரை வாங்கி முகர்ந்தேன். நனைந்த அட்டைப்பெட்டி. வேறு எதுவும் இல்லை. டின்னைக் கவிழ்த்துத் தேதியைப் பார்த்தால், காய்ச்சி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பீர் பழசானால் அந்த வாடைதான் வரும் என்று பிறகு குழுவில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அட்டைப்பெட்டி என்ற சொல்லை நான் வாசித்துக் காட்டவில்லை, டின்னில் எழுதியிருக்கவும் இல்லை. அதைச் சொன்னது மூக்கு.

நான் சொல்வதற்குள் அண்ணிக்கே புரிந்துவிட்டது. கண் கட்டியபடியே முந்தானையைத் தேடி எடுத்து, மூக்கில் வைத்து, ஒரு மூச்சு இழுத்தார். மூன்று மாதமாக அவர் அதைச் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மீன் வாடை அடிக்குது தம்பி" என்றார். "தொவச்ச பொடவதான். அப்பவும் அடிக்குது."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி அண்ணனின் முன்னால் போய் நின்றேன். என் மூக்கையும் மாடியையும் மாறி மாறிக் காட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடா, ஏறிக்கிச்சா" என்றார்.

படகுகள் திரும்பிய முதல் விடியலில் நானும் காசிமேட்டுக்குப் போனேன். ஏலக்காரர் நாலாவது கூடையை ஆகா ஓகோ என்று தூக்கிப் பேசினார். அண்ணி குனிந்து முகர்ந்து, "அடியில கீறது வேற மீனு, அண்ணாத்த. கொட்டிக் காட்டு" என்றார். கொட்டினார்கள். மேலே மட்டும்தான் புதுசு. கூட்டத்தில் யாரோ "அக்கா வந்துடுச்சுப்பா, உசாரு" என்று குரல் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவருக்கு அடுத்த கூடை காத்திருந்தது.

அன்றே என் பழைய மதிப்புரையைத் திருத்தி, ஒன்பதை அடித்து மூன்றாக்கினேன். இப்போதெல்லாம் முதலில் முகர்கிறேன், டின்னைப் பிறகுதான் படிக்கிறேன். போன மாதம் குழுவினர் கூடிய இடத்துக்கு முதல்முறையாக நேரில் போயிருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பீர். எல்லோரும் வரிசையாகப் பேசினார்கள். என் முறை வந்தபோது வழக்கம்போல நாக்கு எழவில்லை. இரண்டு டம்ளருக்கு நடுவில், யாரைப் பற்றியும் யோசிக்காமல், என் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தேன். யார்டின் டீசலும் வியர்வையும் அடித்தன. மூக்கில் குந்தியிருந்தது எழுந்து போனது. பிறகு பேசினேன்.